முதல் தாமதம்

ஊர்ப் பெயரை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். ‘மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு விசைத்தறி நகரம்’ என்று திரையில் எழுதியிருக்கிறது, கீழே தண்ணீர்த் தொட்டியின் படம், அந்தத் தொட்டியின் இரும்பு ஏணியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி மூடியைத் திறந்து குனிந்து பார்த்தவள் நான், எனக்கே அதைப் பெயர் மறைத்துக் காட்டுகிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த வகுப்பு. இந்த ஏ.சி.யை யாராவது குறைத்தால் தேவலை, பாதம் இரண்டும் செருப்புக்குள் விறைத்துப்போய்க் கிடக்கின்றன, வாயில் இன்னும் அந்தக் காளான் பிரியாணியின் கிராம்பு. பதினோரு மாதத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம், இரண்டு வருடச் சரக்கு, அரைத்துக் கூழாக்கி ஊட்டிவிடுவார்கள், பணி அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் அனுபவமே எங்கள் பாடப்புத்தகம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வக்கீல், ஆர்க்கிடெக்ட், இன்ஷூரன்ஸ்காரர், பத்திரிகைக்காரர், கம்ப்யூட்டர்காரர், எல்லாத் துறையும் கலந்த வகுப்பு, கலந்தால்தான் வெளிச்சம் வருமாம், அதற்கு நடுவே வட்டார மருத்துவ அலுவலராக ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தலை நரைத்துப்போன நான், மங்கையர்க்கரசி, கழுத்தில் மாட்டுகிற அட்டையில் இடம் போதாமல் மங்கை. நாற்பத்தெட்டு வயதில் மங்கை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்க்கிடெக்ட் ரெஜினால்ட் என் நோட்டில் ஒரு தொட்டி வரைந்து அதற்கு மீசை வைத்துக்கொண்டிருக்கிறான், நல்லவன், சாப்பிட்ட பிறகு தூக்கம் வராமல் இருக்க எதையாவது வரைவான். மைக்கைப் பிடித்திருப்பவர் டாக்டர் தணிகைவேல். இந்தக் காமாலைப் பரவல் நடந்தபோது எங்கள் மாவட்டத்துச் சுகாதாரத் துணை இயக்குநர், இப்போது ஓய்வு பெற்றுப் பெரிய ஆலோசகர், இன்றைக்கு இங்கே சிறப்பு விருந்தினர். உள்ளே வந்ததும் என்னைக் கண்டுகொண்டு, அட நம்ம டாக்டரம்மா, என்று கையை உயர்த்தினார். நானும் எழுந்து நின்று வணக்கம் சார் என்றேன். முழங்கால் தானாகவே எழுந்துகொள்கிறது, என்னைக் கேட்பதில்லை.

மஞ்சள் காமாலைப் பரவல் வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தப்பட்டது, மரணம் பூஜ்யம் என்கிறது அடுத்த திரை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைத் தேடிக் கீழே போனால் பொடி எழுத்தில், பரவலோடு தொடர்பில்லாத கர்ப்பிணி மரணம் ஒன்று, நாட்டு மருந்து, முதல் தாமதம். பூங்கோதை. நட்சத்திரத்துக்குப் பெயர் பூங்கோதை. எட்டு மாதக் கர்ப்பம், கண் இரண்டும் எலுமிச்சம்பழமாக, என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டரம்மா ஒண்ணுமில்லீங்க, வாய் மட்டுந்தானுங்க கசக்குது என்று சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு வாய் மட்டும்தான் கசந்தது. இந்த வகைக் காமாலை மற்றவர்களைப் படுக்கப்போட்டுவிட்டுப் போய்விடும், நிறைமாதக்காரியை மட்டும் விடாது, ஈரலைத் தின்றுவிடும், இது மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும், தணிகைவேலுக்கும் தெரியும், தெரிந்துதான் நட்சத்திரத்தைப் போட்டிருக்கிறார். ‘தாமதம் மூணு வகைங்க’ என்று இப்போது வக்கீல்களுக்கும் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் விளக்குகிறார், ‘தாய் மரணம்னா நாங்க கேக்குற முதல் கேள்வி, எங்க லேட்டாச்சு? வீட்ல முடிவெடுக்க லேட்டாச்சுன்னா முதல் தாமதம். வழியில லேட்டாச்சுன்னா ரெண்டாவது. ஆஸ்பத்திரிக்குள்ள லேட்டாச்சுன்னா மூணாவது. இந்தக் கேஸ்ல புருஷன் கீழாநெல்லியை அரைச்சுக் குடுத்துட்டு வீட்டுலயே வச்சிருந்தான். கிளாசிக் ஃபர்ஸ்ட் டிலே.’ எல்லாரும் குறித்துக்கொள்கிறார்கள். முதல். குடும்பம்தான் முதல். வீட்டில் உட்கார்ந்திருந்தால் முதல். வீட்டுக்குப் போ என்று யாராவது அனுப்பியிருந்தால் அது எத்தனையாவது? இந்தக் கேள்வி ஒரு வருடமாக என் வாயில் இருக்கிறது, இப்போது கிராம்போடு சேர்ந்துகொண்டது.

ஏனென்றால் முதலில் என்னிடம்தான் வந்தார்கள். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்ததும் நான் சீட்டு எழுதினேன், உடனே பெரிய ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸில் நானே ஏற்றினேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஊரில் மாரியம்மன் நோம்பி, லேப்பில் ஆள் லீவு, ரிசல்ட்டுக்கு ரெண்டு நாள் கழித்து வா என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ரெண்டு நாளை அவள் தாண்டவில்லை. அந்த நோம்பிக்காகத்தான் குழாயையும் மூடவில்லை. சாக்கடைக்குள் ஓடுகிற பிரதானக் குழாயில் ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கிறது, தண்ணீரை நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன், ஆமாம் கத்தினேன்தான், கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நின்று கத்தினேன், அதற்குத் தணிகைவேல் என் தோளைத் தொடாமல் தொடுகிற மாதிரி கையை வைத்து, ‘கோயில்ல கம்பம் நட்டாச்சும்மா. காலையில பொம்பளைங்க எல்லாம் குடத்தைத் தூக்கிட்டுப் போய்க் கம்பத்துக்குத் தண்ணி ஊத்துற நேரத்துல குழாயை மூடுனா ஊரே கொதிச்சிரும். பண்டிகை முடியட்டும். நீங்க எமோஷனலா இருக்கீங்க’ என்றார். எமோஷனல். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு ஒருத்தி என்ன சொன்னாலும் அது இருமல் மாதிரிதான், கேட்டுவிட்டு முடியும்வரை காத்திருப்பார்கள். மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட குடங்கள் வரிசையாகப் போனதை நான் ஜீப்பில் இருந்து பார்த்தேன், ஈரப் புடவையும் தவிலுமாக அழகாகத்தான் இருந்தது. அம்மனுக்கு ஊற்றியது போக மீதியைக் குடித்தார்கள். ஏ.சி. இன்னும் குளிர்கிறது. ரெஜினால்ட் தொட்டிக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டான்.

‘ஒரு முக்கியமான விஷயம்’ என்று பேராசிரியர் நித்யகல்யாணி எழுந்து நிற்கிறார், இந்தப் படிப்புக்குப் பொறுப்பாளர், பருத்திப் புடவை, பெரிய பொட்டு, யார் என்ன சொன்னாலும் அருமை என்பார், ‘இந்தக் கேஸ் நம்ம கேஸ் புக்ல வரப்போகுது. அடுத்த பேட்ச்ல இருந்து எல்லா ஸ்டூடண்ட்ஸும் இதைத்தான் படிப்பாங்க. இன்னிக்கு ஃபைனல் பண்றோம். ஏதாவது திருத்தம் தோணினா இன்னிக்கே சொல்லிடுங்க, அப்புறம் பிரிண்டுக்குப் போயிடும்.’ இன்றைக்கே. அச்சில் ஏறிவிட்டால் வருடா வருடம் ஒரு கூட்டம் சென்னியப்பனைப் படிக்கும். கணவன், விசைத்தறித் தொழிலாளி, கல்வியறிவு குறைவு, நாட்டு மருந்தில் நம்பிக்கை. கையைத் தூக்கு. மங்கையர்க்கரசி, கையைத் தூக்கு, நாற்காலியின் கைப்பிடியில் இருப்பது உன் கைதானே. தூக்கினால் என்ன ஆகும்? அடுத்த மாதம் மாநகர் நல அலுவலர் பட்டியல் தயாராகிறது, அதில் என் பெயர் ஏற அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்கிறேன் என்று போனிலேயே சொல்லியிருக்கிறார், ‘படிப்பை மட்டும் நல்லபடியா முடிங்கம்மா, மத்ததை நான் பார்த்துக்கறேன்’. இந்தப் படிப்புக்கே அவர்தான் சிபாரிசு. தாய் மரண ஆய்வுக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்த அதே மாதம் கல்வி விடுப்பு ஆணை வந்துவிட்டது, ஆணையைக் கொண்டுவந்த கிளார்க் லட்டு கேட்டான். வாயில் சர்க்கரையைப் போட்டு ஊரை விட்டு அனுப்புகிறார்கள் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தே தின்றேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பொய். மருந்துப் பெட்டி நனையாத கூரையுள்ள ஓர் அறையில் உட்கார்ந்து, குழாயை மூடு என்றால் மூடுகிற அதிகாரத்தோடு கொஞ்ச காலமாவது வேலை பார்க்க வேண்டும். அந்தப் பதவியில் இருந்திருந்தால் பூங்கோதை செத்திருக்க மாட்டாள், ஆக நான் இப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது அடுத்த பூங்கோதைக்காக, எவ்வளவு வசதியாக வருகிறது பார் நியாயம், கேட்காமலே காபி கொண்டுவந்து வைக்கிற மாதிரி.

ஆய்வுக் கூட்டத்தில் அவனை உட்கார வைத்தார்கள். தாய் இறந்துபோனால் குடும்பத்தில் ஒருவரைக் கலெக்டர் முன்னால் வரவழைத்து விசாரிப்பது வழக்கம், ஏட்டில் நல்ல வழக்கம், குடும்பத்தின் குரலைக் கேட்க வேண்டும் என்று யாரோ நல்லவர்கள் யோசித்து வைத்தது. சென்னியப்பன் குஷன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான், காதில் பஞ்சுத்தூசி, சட்டையில் மேல் பட்டன் வரை போட்டிருந்தான். கீழாநெல்லி குடுத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு, என்று கேட்டார்கள். குடுத்தேனுங்க. எத்தனை நாள்? ரெண்டு நாளுங்க. அவ்வளவுதான், பேனாக்கள் குனிந்துவிட்டன. முதல்ல நம்மகிட்ட வந்தாங்க சார், திருப்பி அனுப்பினது நம்ம ஆளுங்க, என்றேன். என் குரல் கொஞ்சம் உடைந்தது, உடைந்திருக்கக் கூடாது. அது டிஸ்கஷன்ல இருக்கட்டும்மா, என்றார் தணிகைவேல். டிஸ்கஷனில் இருக்கிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஊருக்குள் அவனுக்கு ஒரே பெயர். மாமியார் வீட்டு வாசலில் ஏற்றுவதில்லை. தறி ஓட்டப் போகிற இடத்தில் டீ வாங்கிக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவன், கீழாநெல்லி டீயா என்று கேட்கிறானாம். நான் சென்னைக்குக் கிளம்பும் வாரம் புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு வந்து நின்றான், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ‘ஏனுங்க டாக்டரம்மா, நாங்க மொதல்ல உங்ககிட்ட வந்ததெ எங்கியாச்சும் எழுதியிருக்கறாங்ளா?’ என்று மட்டும் கேட்டான். சொல்றேன் சென்னியப்பா, சொல்ல வேண்டிய இடத்துல சொல்றேன், என்றேன். இதை விடச் சொல்ல வேண்டிய இடம் இனி எங்கே இருக்கப்போகிறது? கை இன்னும் கைப்பிடியிலேயே இருக்கிறது. தணிகைவேல் தண்ணீர் குடிக்கிறார், குடித்துக்கொண்டே டம்ளருக்கு மேலாக என்னைப் பார்க்கிறார், மிரட்டலே இல்லாத பார்வை, கல்யாண வீட்டில் சொந்தக்காரர் பார்க்கிற மாதிரி. அதுதான் பயமாக இருக்கிறது.

‘திருத்தம் எதுவும் இல்லையா? அருமை’ என்கிறார் நித்யகல்யாணி. போய்விட்டது. இவ்வளவு சின்ன இடைவெளியா கொடுப்பார்கள், ஒரு மூச்சு வாங்குவதற்குள். இல்லை, இன்னும் போகவில்லை, வகுப்பு முடிகிறவரை இருக்கிறது. ‘இப்போ செயல்முறை. அந்தக் கணவரை முன்னாடியே நீங்க பார்த்திருந்தா என்ன பேசியிருப்பீங்க? அவர் மனசை எப்படி மாத்தியிருப்பீங்க? ஒவ்வொரு குழுவும் ஒரு செய்தி தயாரிங்க, அப்புறம் நடிச்சுக் காட்டணும்.’ கலர் கலராகக் காகிதங்கள் வருகின்றன, ஸ்கெட்ச் பேனாக்கள் வருகின்றன, தூங்கிக்கொண்டிருந்த வகுப்புக்கு உயிர் வருகிறது. கீழாநெல்லி வேண்டாம், ஆஸ்பத்திரி வா அண்ணே என்று வக்கீல் ஒருவர் ராகம் போட்டே பாடுகிறார். கம்ப்யூட்டர்காரர் புருஷன்களுக்கு ஒரு செயலி போடலாம் என்கிறார், கண்ணைப் படம் எடுத்தால் மஞ்சளா இல்லையா என்று போனே சொல்லும். சென்னியப்பனின் போனுக்குக் கேமரா இல்லை. மஞ்சளா என்று தெரியாமலா அவன் அவளை என்னிடம் கூட்டி வந்தான். பல துறைகளும் சேர்ந்து ஒரு தறிக்காரனைத் திருத்துகின்றன, எவ்வளவு அக்கறை, எவ்வளவு கலர், எனக்குச் சிரிப்பாக வருகிறது. ‘மங்கை, நீங்கதான் ஃபீல்டுல இருந்தவங்க, நீங்க அந்தப் புருஷனா நடிங்க, நான் சுகாதாரப் பணியாளரா வர்றேன்’ என்கிறான் ரெஜினால்ட். நான் மாட்டேன் என்றேன். ‘ப்ளீஸ்ங்க, எனக்கு ஒரு தறிக்காரர் எப்படிப் பேசுவாருன்னே தெரியாது’ என்று இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாக இழுத்துப் போட்டுவிட்டான். எழுந்து போகிறேன். முழங்கால்தான் போகிறது. யாரோ ஒரு துண்டை என் தோளில் போடுகிறார்கள், சிரிப்பு. துண்டு யாரோ முகம் துடைத்தது, சோப்பு வாசனை அடிக்கிறது. நாற்காலியின் நுனியில் உட்காருகிறேன், ஏன் நுனியில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

ரெஜினால்ட் கையெடுத்துக் கும்பிடுகிறான், கையில் அவன் எழுதி வைத்திருக்கும் காகிதம். ‘அண்ணா வணக்கம். சுகாதாரத் துறையில இருந்து வர்றேன். உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். எப்படி இருக்காங்க?’ எப்படி இருக்காங்க. இந்த விளையாட்டில் அவள் இன்னும் சாகவில்லை. திரைக்குப் பின்னால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பாயில் படுத்திருக்கிறாள், கண் மஞ்சளாக, வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. ‘உள்ள படுத்திருக்கறாளுங்க’ என்றேன். குரல் எங்கேயோ கீழே இருந்து வந்தது. ‘அண்ணா, கீழாநெல்லி எல்லாம் குடுத்து நாளைக் கடத்தாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.’ வகுப்பு தலையாட்டுகிறது, நல்ல செய்தி, எளிய செய்தி. ‘போயிட்டுத்தானுங்க வர்றேன்’ என்றேன். ரெஜினால்ட் காகிதத்தைப் பார்க்கிறான். அதற்குப் பதில் அதில் இல்லை. பின்வரிசையில் யாரோ ஓ என்று சிரிக்கிறார்கள், ‘மாட்டுனியா ரெஜி’. அவன் திணறி, ‘இல்லண்ணா, நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்கிறான்.

‘பெரியாஸ்பத்திரிக்குத்தானுங்க போனேன். மொதோ நாளே டாக்டரம்மாகிட்டக் கூட்டியாந்தேன், அவிய சீட்டு எழுதி வண்டியேத்தி உட்டாங்க. அங்க ரத்தம் எடுத்தாங்க. நோம்பி லீவுங்க, ஆளில்ல, ரெண்டு நாள் கழிச்சு வான்னு தாட்டி உட்டுட்டாங்க. ஒக்காரக்கூடச் சொல்லலீங்க. அந்த ரெண்டு நாளும் நானு என்ன பண்ணிட்டு இருக்கோணும்? அவ கண்ணு மஞ்சளா முழிச்சுப் பாத்துட்டே இருக்கறா. பக்கத்து வளவுல கீழாநெல்லி அரைச்சுக் குடுன்னாங்க, குடுத்தேன். வேற எதெக் குடுக்கறது? நீங்க குடுத்தது அந்த ரெண்டு நாள் மட்டுந்தானுங்களே? நீங்க உட்ட தண்ணியத்தான் குடிச்சா, நீங்க சொன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போனா, நீங்க அனுப்புனதுக்குத்தான் ஊட்டுக்கு வந்தா. இப்ப ஊட்டுல இருக்கற எம் மூத்த புள்ள பெருசாயி எங்கம்மாளெ யாரு சாவடிச்சதுன்னு கேட்டா நானென்னங்க சொல்லோணும்? எம் பேரெத்தானுங்களே எழுதி வெச்சிருக்கறீங்க?’ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன், எப்போது பொத்தினேன். இதில் சில வார்த்தைகள் அவன் சொன்னவை, மீதி அவன் சொல்லாமல் நின்றவை. சொல்லிவிட்டேன். கடவுளே, சொல்லியே விட்டேன், அவ்வளவுதான், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இனி பட்டியலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நெஞ்சு எவ்வளவு லேசாக இருக்கிறது.

முதலில் ஒரு கைதட்டல் தனியாகக் கேட்டது. தணிகைவேல். முகமெல்லாம் மலர்ந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டுகிறார், அவரைப் பார்த்து வகுப்பே தட்டுகிறது, எழுந்து நின்று தட்டுகிறார்கள், வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், ரெஜினால்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கி ‘பயந்துட்டேங்க, நிஜமாவே பயந்துட்டேன்’ என்கிறான். தத்ரூபம், தத்ரூபம் என்கிறார் தணிகைவேல். நித்யகல்யாணி மட்டும் தட்டவில்லை. கையில் இருந்த கேஸ் தாள்களைப் புரட்டிக்கொண்டே வருகிறார், நெற்றி சுருங்கியிருக்கிறது. ‘சார், அவங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டதா இதுல எங்கயும் இல்லையே? அப்படி ஏதாவது நடந்ததா? நடந்திருந்தா இது முதல் தாமதமே கிடையாதே, நாம மாத்தியாகணும்.’ அருமை என்று சொல்லாமல் அவர் பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன். தணிகைவேல் சிரித்தபடியே மைக்கை என் பக்கம் நீட்டுகிறார். ‘என்னை ஏன் கேக்கறீங்க? நடிச்சவங்களையே கேளுங்க. டாக்டரம்மா, இந்தப் பாத்திரத்தை எங்க புடிச்சீங்க?’ மைக் என் மோவாய்க்குக் கீழே இருக்கிறது. கதவு இப்படியா திறக்கும், இரண்டு பக்கமும் விரிய, ஆளே பிடித்துக்கொண்டு நிற்க. ஒரே ஒரு ஆமாம். நித்யகல்யாணியின் பேனா மூடி திறந்திருக்கிறது, அந்த நட்சத்திரத்தின் மேல் முனையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தணிகைவேல் அவசரப்படவில்லை. அவருக்கு என்னைத் தெரியும், எனக்கு என்னைத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

‘இல்லீங்க மேடம்’ என்றேன். வாய் இன்னும் சென்னியப்பனின் பேச்சிலிருந்து வெளியே வரவில்லை. ‘அது நானாச் சேத்ததுங்க.’ அவன் குரல் அப்படியே இருந்ததால் வகுப்பு முழுக்கச் சிரித்தது.